கழுத்து லிகமென்ட் எலும்பாக மாறினால்... – வாசகர் கேள்வி பதில்

ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் போன்ற முதுகெலும்பு வாத நோய்களோடு பல வருடங்களாக வாழ்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கழுத்தைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

எனக்கு வயது 49. ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் 20 வருடமாக இருக்கிறது. கழுத்து சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சி3 முதல் சி6 வரை ஓ.பி.எல்.எல்.' என்று எழுதியிருக்கிறார்கள். இது இன்னொரு புது நோயா?

உங்கள் விஷயத்தில் இதைப் பழைய நோயின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வந்திருக்கும் இடம் முக்கியமானது.

கழுத்தில் 7 எலும்புகள்; ரிப்போர்ட்டில் அவற்றை மேலிருந்து சி1 முதல் சி7 வரை என்று எண்ணுவார்கள். அவற்றின் உடல்பகுதிகளை மேலிருந்து கீழ்வரை இரண்டு நீளமான லிகமென்ட்கள் (நார்ப்பட்டைகள்) பிணைத்திருக்கின்றன. ஒன்று முன்பக்கம், தொண்டையை ஒட்டி. மற்றொன்று பின்பக்கம். இந்தப் பின்புற நீள் லிகமென்ட்தான் தண்டுவடம் இறங்கும் கால்வாயின் முன்சுவர். அது எலும்பாக மாறித் தடிப்பதற்குத்தான் ஓ.பி.எல்.எல். என்று பெயர். முன்பக்க லிகமென்ட் எலும்பானால், மிகப் பெரிதாக வளர்ந்த சிலருக்கு விழுங்கும்போது தொண்டையில் அடைப்பது போல இருக்கும். பலருக்கு ஒன்றும் தெரியாது. பின்பக்கத்தில் அதே வளர்ச்சி சில மில்லிமீட்டர் வந்தாலும் அது கால்வாய்க்குள்தான் வருகிறது. இடம் குறைகிறது.

உங்கள் நோயின் அடிப்படையே லிகமென்ட் எலும்போடு ஒட்டும் இடத்தில் வரும் அழற்சிதான். அழற்சி ஆறும்போது அந்த இடத்தில் உடல் புது எலும்பை உருவாக்குகிறது. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான். வயது கூடக் கூட, நோய் நீண்ட காலம் இருக்க இருக்க, எக்ஸ்ரேயில் பாதிப்பு அதிகம் தெரியத் தெரிய, பின்புற லிகமென்ட்டும் எலும்பாகும் வாய்ப்பு கூடுகிறது. சோரியாசிஸோடு வரும் முதுகெலும்பு வாதத்திலும் இதைப் பார்க்கிறோம்.

வாத நோயே இல்லாதவர்களுக்கும் ஓ.பி.எல்.எல். வரும். 1960-இல் ஜப்பானில் வெளியான ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குப் பிறகுதான் இது பரவலாகக் கவனிக்கப்பட்டது. இன்றும் கிழக்காசிய மக்களிடம் அதிகம். நீரிழிவு, உடல் பருமன், பாராதைராய்டு சுரப்புக் குறைவு, 'டிஷ்' எனப்படும் முதுகெலும்பு எலும்புப்பெருக்கம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே வாத நோய் இருக்கிறது என்பதற்காகச் சர்க்கரை அளவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

பல வருடம் வாட்டிய கழுத்து வலி இந்த ஒரு வருடத்தில் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகிறது, கையெழுத்தும் கோணலாகிறது. வயதாகிறது என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

எலும்புகள் முழுதாக ஒட்டிக்கொண்ட பிறகு அசைவு நின்றுபோகும். அசைவோடு வந்த வலியும் அடங்கும். அதை நோய் தணிந்ததாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தண்டுவடம் நசுங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. கை சொன்னபடி கேட்காது, கால் தடுமாறும், அவ்வளவுதான். வலியை மட்டுமே அளவுகோலாக வைத்திருப்பவர்கள் தாமதமாக வருவதற்குக் காரணம் இதுதான். தண்டுவடத்தில் ஏற்கெனவே நிகழ்ந்த சேதம் முழுதாகத் திரும்பாது என்பதால் அந்தத் தாமதத்துக்கு விலை உண்டு.

வீட்டில் செய்து பார்க்கச் சில சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, 10 விநாடிச் சோதனை. உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை நீட்டி, விரல்களை இறுக மூடி, முழுதாக விரித்து, மறுபடி மூட வேண்டும். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. வேறொருவர் கடிகாரம் பார்த்து எண்ணட்டும். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும். எண்ணிக்கையோடு, கை எப்படி விரிகிறது என்பதையும் பாருங்கள்: விரல்கள் பாதியில் நிற்கின்றனவா, விரிப்பதற்காக மணிக்கட்டு தானாகக் கீழே மடங்குகிறதா? இரண்டு கையையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, விரல்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கையை நீட்டி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். சுண்டுவிரல் தானாக விலகி வெளியே போனாலோ, சேர்த்து வைக்க முடியாமல் மடங்கினாலோ அது ஒரு குறி.

மூன்றாவது நடை. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொன்றின் விரல்நுனியில் தொடும்படி நேர்கோட்டில் 10 அடி வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். இருட்டில் அல்லது கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாட்டம் வருகிறதா, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படுகிறதா என்பதும் இதே கேள்விதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விரல் மூட்டிலும் வாதம் இருப்பவருக்கு அந்த 20 தடவை வராது; இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு நேர்கோட்டு நடை வராது. எனவே ஒரு நாள் கிடைத்த எண்ணைவிட, சில மாத இடைவெளியில் அது எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மூட்டில் வீக்கமோ வலியோ இல்லாமல் எண்ணிக்கை இறங்கினால் சந்தேகம் தண்டுவடத்தின் மேல் திரும்ப வேண்டும்.

இவற்றோடு, தலையைக் குனியும்போது முதுகுவழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி, இரண்டு கைகளிலும் மதமதப்பு, கால்கள் விறைத்து இழுப்பது, சிறுநீரை அடக்க முடியாத அவசரம் – எதுவாக இருந்தாலும் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு அடையாளம் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, "கை வேலை செய்வது மாறியிருக்கிறது" என்று அதையே முதலில் சொல்லுங்கள். கழுத்து வலி என்று ஆரம்பித்தால் பேச்சு வலி மாத்திரையிலேயே முடிந்துவிடக்கூடும். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவை.

ரிப்போர்ட்டில் 'மிக்ஸட் டைப், மீதமுள்ள இடம் 9 மி.மீ., கே-லைன் நெகடிவ்' என்று இருக்கிறது. விளக்க முடியுமா?

எலும்பான பகுதி எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள். ஒவ்வொரு எலும்பின் பின்னாலும் துண்டு துண்டாக இருந்தால் செக்மென்டல். பல எலும்புகளைத் தாண்டி ஒரே பட்டையாக ஓடினால் கன்டின்யுவஸ். இரண்டும் கலந்திருந்தால் மிக்ஸட். டிஸ்க் (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) அருகே மட்டும் இருந்தால் லோக்கலைஸ்ட்.

பெரியவர்களின் கீழ்க்கழுத்தில் கால்வாய் முன்பின்னாகச் சுமார் 17, 18 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகியது என்கிறோம். எலும்பான லிகமென்ட் எடுத்துக்கொண்டது போகத் தண்டுவடத்துக்கு மிஞ்சிய இடமே நீங்கள் கேட்ட 9 மி.மீ. ஜப்பானில் நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் கண்டது இது: மிஞ்சிய இடம் 6 மி.மீ.க்குக் கீழே போன எல்லோருக்கும் தண்டுவடப் பாதிப்பு இருந்தது. 14-க்கு மேல் இருந்தவர்களுக்கு இல்லை. நடுவில் இருப்பவர்களுக்கு எது தீர்மானிக்கிறது? அசைவு. அந்த இடத்தில் கழுத்து எவ்வளவு அதிகம் அசைகிறதோ, எலும்பு முகட்டின் மேல் தண்டுவடம் அவ்வளவு தடவை உரசுகிறது.

வாத நோயாளிகளின் ஸ்கேனைக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். கழுத்து முழுதும் ஒட்டிப்போன ஒருவருக்கு எலும்பு தடிமனாக இருந்தும் தொந்தரவு இல்லாமல் இருக்கலாம். ஆறு எலும்பு ஒட்டி, நடுவே ஒரே ஒரு மூட்டு மட்டும் அசைகிற இன்னொருவருக்கு, கழுத்தின் மொத்த அசைவும் அந்த ஒரு இடத்தில் குவிகிறது. அங்கே மெல்லிய எலும்பு முகடுகூடக் கெடுதல் செய்யும். ஆகவே எங்கே அதிகம் தடித்திருக்கிறது என்று மட்டும் கேட்காமல், எங்கே இன்னும் அசைகிறது என்றும் டாக்டரிடம் கேளுங்கள். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே இதைக் காட்டும். தலைக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கும் இடையிலான பகுதி கடைசிவரை அசைவோடு இருந்து தளர்ந்துபோவதும் உண்டு. அந்த எக்ஸ்ரேயில் அதையும் பார்த்துவிடலாம். ஆனால் நரம்புக் குறிகள் இருக்கும்போதோ விழுந்த பிறகோ டாக்டர் முன்னிலை இல்லாமல் இந்த எக்ஸ்ரேக்காகக் கழுத்தை வளைக்கக் கூடாது.

கே-லைன் என்பது பக்கவாட்டு எக்ஸ்ரேயில் போடும் ஒரு கற்பனைக் கோடு. இரண்டாவது கழுத்தெலும்பின் மட்டத்தில் கால்வாயின் நடுப்புள்ளியையும், ஏழாவது எலும்பின் மட்டத்தில் நடுப்புள்ளியையும் இணைப்பார்கள். எலும்பான லிகமென்ட் இந்தக் கோட்டைத் தாண்டாமல் முன்பக்கமே நின்றால் பாசிடிவ். தாண்டிப் பின்னே வந்தால் நெகடிவ். பின்பக்கமிருந்து கால்வாயைத் திறந்துவிட்டால் தண்டுவடம் பின்னோக்கி நகர்ந்து தப்பித்துக்கொள்ளுமா என்பதற்கான கணக்கு இது. நெகடிவ் என்றால் பின்பக்கத்தைத் திறப்பது மட்டும் போதாமல் போகலாம். வாத நோயில் கழுத்து முன்னோக்கிக் கூனிவிடுவதால், அதே தடிமன் எலும்புக்கும் நெகடிவ் என்று வர வாய்ப்பு அதிகம்.

எலும்பின் அளவும் வடிவமும் சி.டி.யில்தான் சரியாகத் தெரியும். தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, அதற்குள் நிறம் மாறியிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. அதற்காக வருடம் தவறாமல் சி.டி. எடுப்பதும் தேவையற்ற கதிர்வீச்சு.

அப்பாவுக்கு 68 வயது, கழுத்தும் முதுகும் ஒட்டிப்போனவர். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். எக்ஸ்ரே நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாளாகக் கழுத்தில் புது வலி இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். படிப்பதை நிறுத்திவிட்டு அவரை இன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், கழுத்துக்கு சி.டி. ஸ்கேன் கேளுங்கள்.

சாதாரணக் கழுத்து விழும்போது வளைந்து கொடுக்கும். ஒட்டிப்போன கழுத்து சாக்பீஸ் போல ஒரே இடத்தில் குறுக்கே முறியும். முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றும் சேர்ந்து முறிவதால் அது நிலையற்ற முறிவு. கீழ்க்கழுத்தில், ஐந்தாவது முதல் ஏழாவது எலும்பு வரையிலான பகுதியில், இது அதிகம். எக்ஸ்ரேயில் அந்த இடத்தைத் தோள்கள் மறைத்துவிடும். எலும்பும் மெலிந்திருப்பதால் கோடு தெரியாது. விழுந்தது சிறிய விழுதல்தானே என்று யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. ஆனால் இந்த நோயில் இப்படிப்பட்ட சிறிய விழுதல்களில்தான் கழுத்து முறிகிறது. முறிவைச் சுற்றி ரத்தம் கட்டி, முதலில் நன்றாக நடந்தவருக்குப் பிறகு கைகால் பலம் குறைவதும் நடக்கிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் உடனே சொல்லுங்கள்.

வீட்டாருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு அடையாளம் இருக்கிறது. பல வருடமாகத் தரையைப் பார்த்தபடியே நடந்தவர், விழுந்த பிறகு திடீரென்று நேராகப் பார்க்கிறார், அல்லது தாடை முன்பைவிட நெஞ்சுக்கு நெருங்கிவிட்டது என்றால், கழுத்து எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நேராகப் பார்க்கிறாரே என்று மகிழ்ச்சியடையும் விஷயமல்ல அது.

கொண்டுபோகும் விதத்தில் எல்லாம் இருக்கிறது. அவருடைய கழுத்து விழுவதற்கு முன் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்திலேயே தாங்க வேண்டும். தட்டையான ஸ்ட்ரெச்சரில் தலையை இறக்கினால், கூனிப்போன கழுத்து முறிந்த இடத்தில் திறந்துகொள்ளும். வழக்கமான கடின காலரும் தாடையை மேலே தள்ளி அதையே செய்யும். தலைக்கும் படுக்கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவையும் மடித்த போர்வை, டவல், தலையணையால் நிரப்புங்கள். இரு பக்கமும் சுருட்டிய துணி வைத்துத் தலை உருளாமல் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: "இவர் கழுத்து பல வருடமாகவே இப்படித்தான் வளைந்திருக்கிறது, நேராக்காதீர்கள்."

சி.டி.யிலும் ஒன்றும் தெரியவில்லை, புது வலி மட்டும் நீடிக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ. வேண்டும். முதுகிலும் இன்னொரு இடத்தில் முறிந்திருக்கக்கூடும் என்பதால் முழு முதுகெலும்பையும் பார்ப்பது நல்லது. எலும்பு முறியாமலேயே, குறுகிய கால்வாயில் தண்டுவடம் அதிர்ந்து காலைவிடக் கைகள் அதிகம் பலவீனமாவதும் ஓ.பி.எல்.எல். உள்ளவர்களிடம் வரும் ஒரு பாதிப்பு. ஆகவே முறிவு இல்லை என்று சொன்னாலும் கைப்பிடியின் பலத்தைக் கவனியுங்கள்.

லிகமென்ட்டில் கால்சியம் படிகிறது என்றால், கால்சியம் மாத்திரையையும் பாலையும் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அங்கே நடப்பது கால்சியம் தேங்குவது அல்ல. செல்கள் உருவாக்கும் அசல் எலும்பு, உள்ளே மஜ்ஜை உட்பட. சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் அது கரையாது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் மற்ற எலும்புகள்தான் இன்னும் மெலியும். முதுகெலும்பில் வெளியே எலும்பு வளர்ந்துகொண்டே உள்ளே எலும்பு தேய்வது இந்த நோயின் குணம். அதனால்தான் எலும்பு அடர்த்தியை முதுகில் அளந்தால் பொய்யாக நல்ல எண் வரும். இடுப்பு எலும்பில் அளக்கச் சொல்லுங்கள்.

கழுத்து இறுக்கத்துக்கு டிராக்‌ஷன், மசாஜ், சொடக்கு எடுப்பது, யோகா – எது செய்யலாம்?

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. யார் செய்தாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம். தலைகீழாக நிற்பது, தோள்களில் நிற்பது, கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது என்று கழுத்தில் எடை இறங்கும் ஆசனங்களையும் விட்டுவிடுங்கள். தோள்பட்டைத் தசைகளை மென்மையாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை.

செய்ய வேண்டியவை இதைவிட அதிகம். மூச்சை ஆழமாக இழுத்து விலாவை விரிப்பது, தோள்பட்டைகளைப் பின்னே சேர்ப்பது, இடுப்பை நீட்டுவது, நடப்பது. நீந்துபவர்கள், மூச்சுக்காகக் கழுத்தைத் திருப்ப வேண்டியில்லாதபடி ஸ்நார்க்கல் குழாய் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் அசைவு மிச்சமிருந்தால் தானாகப் போகும் எல்லை வரை மெதுவாகத் திருப்புங்கள்; கையால் தள்ளாதீர்கள். மாதம் ஒரு முறை குதிகாலையும் முதுகையும் சுவரில் ஒட்டி நின்று, தாடையை உயர்த்தாமல், பின்மண்டைக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் ஏறினால் கூன் கூடுகிறது என்று அர்த்தம்.

தலையணை, கழுத்தின் வளைவைத் தாங்கும் அளவு உயரமே போதும். காரில் தலைத்தாங்கியைத் தலையின் மேல்விளிம்பு அளவுக்கு உயர்த்தி, பின்மண்டைக்கு எவ்வளவு நெருக்கமாக வருமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டும் வேகம் கூடுகிறது. அதை நிறுத்துவதும் கழுத்துக்கான சிகிச்சையே.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பின்னால் கஷ்டப்படுவதற்குப் பதில் இப்போதே ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? பயாலஜிக் ஊசியால் இது கரையுமா?

வளர்ந்த எலும்பைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. பயாலஜிக் எனப்படும் டி.என்.எஃப்., ஐ.எல்.-17 தடுப்பு ஊசிகள், அழற்சியைத் தூண்டும் அந்தப் புரதங்களைத் தடுத்து அழற்சியை அடக்கும். அதற்காக அவற்றைத் தொடர வேண்டும்.

கை கால் நன்றாக வேலை செய்யும்போது முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஸ்கேன் படம் பயமுறுத்தினாலும் பலர் ஆண்டுக்கணக்கில் பாதிப்பின்றி இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நரம்புப் பரிசோதனை, மாற்றம் தெரிந்தால் எம்.ஆர்.ஐ., விழாமல் இருக்க எல்லா ஏற்பாடும் என்பதுதான் வழி. பாதிப்பைக் கணக்கிட 18 மதிப்பெண் கொண்ட எம்.ஜே.ஓ.ஏ. என்ற அளவுகோல் உண்டு. 15 முதல் 17 வரை லேசானது; உன்னிப்பாகக் கவனித்தபடி காத்திருக்கவும் செய்யலாம், ஆபரேஷன் பற்றியும் பேசலாம். 14-ம் அதற்குக் கீழும் ஆபரேஷன்தான். மதிப்பெண் எதுவானாலும், வாரத்துக்கு வாரம் இறங்குகிறது என்றால் காத்திருக்க இடமில்லை.

பின்பக்கமிருந்து எலும்பு வளைவுகளைக் கதவு போலத் திறந்து வைப்பது லாமினோபிளாஸ்டி. வளைவுகளை எடுத்துவிட்டு, டைட்டானியம் ஸ்க்ரூவும் தண்டுமாக நிலைநிறுத்துவது இன்னொன்று. எலும்பு கால்வாயில் 60 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தாலோ கே-லைன் நெகடிவ் ஆனாலோ முன்பக்கமிருந்து நேராக அதை எடுப்பது பற்றி யோசிப்பார்கள். அதில் அபாயம், தண்டுவடத்தின் உறையும் சேர்ந்து எலும்பாகியிருந்தால் உறை கிழிந்து திரவம் கசியும். சி.டி.யில் எலும்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வரும். தாடை நெஞ்சில் முட்டும் அளவுக்குக் கூனியவருக்கோ முன்பக்க வழியே கிடைக்காது. எந்த முறையானாலும், ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்களில் தோளைத் தூக்க முடியாமல் போவது ஏறக்குறைய 20-ல் ஒருவருக்கு நேர்கிறது. பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். முன்பே தெரிந்திருந்தால் பயம் குறையும்.

இந்த நோயில் எலும்பு மென்மை, ஒட்டிப்போன கழுத்து நீண்ட நெம்புகோல். ஆகவே ஸ்க்ரூக்கள் வழக்கத்தைவிட அதிக எலும்புகளில் பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட கழுத்துகளைச் செய்து பழகிய சர்ஜனா என்று தயங்காமல் கேளுங்கள். பயாலஜிக் ஊசியை எப்போது நிறுத்தி, காயம் ஆறியபின் எப்போது தொடர்வது என்பதை வாத நோய் டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கழுத்தைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். சர்ஜனிடம் சொன்னால் போதாது; மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய்க் குழாயைப் பொருத்தத் தலையைப் பின்னே சாய்ப்பது வழக்கம். உங்கள் கழுத்தை அப்படிச் சாய்க்க முடியாது, சாய்க்கவும் கூடாது. கேமரா பொருத்திய கருவியாலோ, நீங்கள் விழித்திருக்கும்போதே மெல்லிய வளையும் குழாய் வழியாகவோ செய்ய ஏற்பாடு வேண்டும்; அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதுகு ஒட்டிப்போனவருக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதும் பல நேரம் முடியாது. ஆபரேஷனுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மயக்கவியல் டாக்டரைப் பார்த்து, கழுத்து சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டுங்கள். ஆபரேஷன் மேஜையில் தலைக்கு எத்தனை உயரம் வேண்டும் என்பதை, நீங்கள் மயங்குவதற்கு முன் நீங்களே படுத்துக் காட்டி முடிவு செய்துகொள்ளுங்கள்.